பையின் மேலா, பைக்குள்ளா?

மாம்பழக்கூழ் ஏற்றுமதி செய்கிற ஆலையில் கடிதங்களையும் கப்பல் ஆவணங்களையும் கவனிப்பவனுக்கு ஜூன், ஜூலை மாதங்களில் வீட்டு ஞாபகமே வராது. காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, பர்கூர் என்று கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள தோப்புகளிலிருந்து பெங்களூரா மாங்காய் டிராக்டர் டிராக்டராக வந்து இறங்கும். பழுத்தபின் கூழாகி, கிருமி நீக்கிய பையில் நிரம்பி, பை இரும்பு டிரம்முக்குள் போய், டிரம் கன்டெய்னருக்குள் ஏறும். டிரம்முக்கு 215 கிலோ, இருபது அடி கன்டெய்னருக்கு 80 டிரம் என்பது வழக்கமான கணக்கு. இப்படி ஒன்றுக்குள் ஒன்றை அடைத்து அடுக்குவதே பிழைப்பாகிவிட்ட இடத்தில், ஆங்கிலத்தின் இன், ஆன், அட் மூன்றும் சரக்கோடு ஒட்டிக்கொண்டு வரும்.

எங்கள் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர், அனுப்புவதற்கு முன் சில டிரம்களின் மூடியைத் திறந்து பார்த்து அறிக்கை எழுதினார். பையின் வெளிப்புறத்தில் நீர் முத்து முத்தாகப் பூத்திருந்ததைக் கண்டிருக்கிறார். துணியால் துடைத்துவிட்டால் தீர்ந்துபோகிற ஈரம். அறிக்கையில் 'வாட்டர் இன் தி பேக்' என்று எழுதிவிட்டார். ஆன் என்று இருந்தால் பை வியர்த்திருக்கிறது, அவ்வளவுதான். இன் என்றால் பைக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. தண்ணீர் புகுந்த வழியில் கிருமியும் புகுந்திருக்கும். கூழ் புளித்துப் பை உப்பப்போகிறது என்று பொருள். வாங்குபவர் அப்படித்தான் படித்தார். அவர் வேறு எப்படிப் படிப்பார்? சரக்கை நிறுத்திவைத்து, மாதிரி எடுத்து மறுபடி சோதனைக்கு அனுப்பி, அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் அந்தக் கப்பல் போய்விட்டது.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் இதைப் படித்தவர்கள்தாம். பெட்டிக்குள் பந்து, பெட்டிமேல் பந்து என்று படம் போட்டுக் காட்டுவார்கள். அந்தப் படத்தில் யாரும் தவறுவதில்லை. வேலையில் அமர்ந்து, மனம் தமிழில் ஓடி, கை ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் சிக்கல். பையில் ஈரம், வாசலில் லாரி, மரத்தில் காய் என்று நமக்கு ஒரே உருபு போதும். சந்தேகம் வந்தால் மட்டும் மேலே, உள்ளே என்று விரித்துச் சொல்வோம். ஆங்கிலத்திலோ அந்த விவரத்தை முதலிலேயே சொல்லியாக வேண்டும்.

அதனால் புதிதாக வருகிறவர்களுக்குப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதை விட்டுவிட்டேன். எடைமேடைக்கு அழைத்துப் போவேன். சீசனில் அங்கே லாரிகள் வால் நீட்டி நிற்கும். வரிசையில் நிற்கிற லாரி 'அட் தி வெயிட்பிரிட்ஜ்'. சக்கரங்கள் நான்கும் ஆறும் இரும்புத் தகட்டின்மேல் ஏறி, அறைக்குள் எண் சிவப்பாக ஓடும்போது அது 'ஆன் தி வெயிட்பிரிட்ஜ்'. அட் என்பது எங்கே என்று தேடுகிறவருக்குச் சொல்லும் அடையாளம். ஆன் என்றால் ஒன்று மற்றொன்றைத் தொட்டுக்கொண்டு அதன்மேல் பாரத்தை இறக்கியிருக்கிறது. எடை போடும் ஊழியருக்கு இந்த வேறுபாட்டை விளக்கவே தேவையில்லை. அவருக்கு ஆன் வந்தால்தான் ரசீது.

"சார், பஸ்ஸுக்கு ஆன், காருக்கு இன் என்றார்கள். லாரிக்கு என்ன போடுவது?" என்று பர்கூரிலிருந்து வரும் பயிற்சிப் பெண் கேட்டார்.

"யாரைப் பற்றி எழுதுகிறீர்கள் அம்மா? டிரைவர் என்றால் இன். திறந்த லாரியில் ஏற்றிய மாங்காய் என்றால் ஆன்."

அவருக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. லாரிக்கு ஒரு விடை எதிர்பார்த்தார். மரத்தைக் காட்டிய பிறகுதான் முகம் தெளிந்தது. மாங்காய் 'ஆன் தி ட்ரீ'. அதைக் கொத்த வந்த கிளி 'இன் தி ட்ரீ'. காய் மரத்திலேயே விளைந்து கிளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கிளி வெளியிலிருந்து வந்து இலைக்குள் புகுந்துகொண்டது. மரம் ஒன்றுதான் என்றாலும், பேசுகிறவர் அதைக் கிளையாகப் பார்க்கிறாரா, அடர்ந்த கூடாரமாகப் பார்க்கிறாரா என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது.

ஊர்ப் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்பதிலும் இதே கதைதான். பெரிய ஊருக்கு இன், சிற்றூருக்கு அட் என்று பழைய இலக்கணப் புத்தகங்கள் சொல்லின. 2004 பிப்ரவரியில் தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானோமே, அன்று முதல் கிருஷ்ணகிரிக்கு இன் கிடைத்துவிட்டதா என்று நான் கேலியாகக் கேட்பதுண்டு. ஊரின் அளவைப் பார்த்தால் விடை வராது. பெங்களூரிலிருந்து சேலம் போகிற பஸ் கிருஷ்ணகிரியில் நின்று போனால் அட். பயணத்தில் அது ஒரு புள்ளி. இங்கே குடியிருக்கிறேன் என்றால் இன்.

விலைப்புள்ளி எழுதும்போது இந்தச் சொற்களுக்குப் பணமதிப்பே உண்டு. சரக்கில் விற்பவர் பொறுப்பு எங்கே முடிந்து வாங்குபவர் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்று வகுக்க, சர்வதேச வர்த்தக சபை 1936 முதல் வெளியிட்டுவரும் இன்கோடெர்ம்ஸ் விதிகளில் இன், ஆன், அட் போன்ற முன்னிடைச்சொற்களே ஆட்சி செய்கின்றன. எஃப்ஏஎஸ், அதாவது ஃப்ரீ அலாங்சைடு ஷிப் என்றால் சரக்கு கப்பலுக்குப் பக்கத்தில் வந்தால் போதும். எஃப்ஓபி, அதாவது ஃப்ரீ ஆன் போர்டு என்றால் கப்பல்மேல் ஏறியிருக்க வேண்டும். முன்பு கப்பலின் கைப்பிடிக் கம்பியைச் சரக்கு தாண்டியதும் பொறுப்பு கைமாறியது. 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதை எடுத்துவிட்டு, ஏறிய பிறகுதான் என்றாக்கினார்கள். அதே திருத்தத்தில் வந்ததுதான் டிஏபி, டெலிவர்டு அட் பிளேஸ். இதில் விற்பவர் சரக்கை வாங்குபவரின் இடம் வரை கொண்டுபோக வேண்டும். இறக்கிவைப்பது விற்பவரின் பொறுப்பில்லை. சரக்கு அட் பிளேஸ்தான், ஆனால் இன்னும் ஆன் தி டிரக். எடைமேடைப் பாடத்தில் தேறியவர்களுக்கு இது உடனே விளங்கிவிடுகிறது. விற்பவரே இறக்கித் தரும் ஏற்பாட்டுக்கு 2020 திருத்தத்தில் டிபியூ, டெலிவர்டு அட் பிளேஸ் அன்லோடட் என்று பெயர் வைத்தார்கள்.

கன்டெய்னர் சரக்குக்கு எஃப்ஓபி பொருந்தாது என்பது அந்தச் சபையின் கருத்து. சரியான பேச்சு. கன்டெய்னரைச் சென்னையில் ஒப்படைத்துவிட்டு நாம் திரும்பிவிடுவோம். அது கப்பலில் ஏறுவது அதற்குப் பிறகு. இடைப்பட்ட நாட்களில் சரக்கு நம் கண்ணிலும் இல்லை, கையிலும் இல்லை. நட்டம் வந்தால் மட்டும் நம் தலையில். எஃப்சிஏ, அதாவது ஃப்ரீ கேரியர் என்று எழுதினால் ஒப்படைத்த இடத்திலேயே பொறுப்பு முடிந்துவிடும். வாங்குபவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்தாயிற்று. பணம் தருவதாக உறுதி சொல்லி அவர்களுடைய வங்கி திறக்கும் கடன் கடிதம் ஆன் போர்டு என்று தேதியிட்ட கப்பல் ரசீதைக் கேட்கிறது. அது இல்லாமல் பணம் வராது. ஆகவே அடுத்த கன்டெய்னருக்கும் எஃப்ஓபி சென்னை என்றுதான் தட்டச்சு செய்கிறோம்.