அடம்பங்கொடியும் பங்குனி ஆமையும்

சென்னையிலிருந்து தெற்கே போகும் கடற்கரையில் அடம்பங்கொடி படர்ந்த இடத்தை ஒட்டித்தான் பங்குனி ஆமையும் முட்டையிட ஏறுகிறது. அகநானூற்றின் 160ஆம் பாட்டிலேயே இந்தக் காட்சி இருக்கிறது: சூல் ஆமை அடும்புக்கொடி சிதைய வந்து வெண்மணலில் முட்டை புதைக்கிறது. ஆண் ஆமை காவல் காப்பதாக வருவது மட்டும் நடப்பில் இல்லை. தாயும் குழியை மூடியவுடன் கடலுக்குப் போய்விடும்.

அலை எட்டாத மேல்மணல் இரண்டுக்கும் வேண்டும். அடுத்த தலைமுறைக்குச் செய்யும் ஏற்பாடுதான் நேரெதிர். அடம்பங்காயில் நான்கு விதைகள். தடித்த தோலும் ரோமமும் உள்ள அவை கடலில் மாதக்கணக்கில் மிதந்து, எங்கோ ஒதுங்கி முளைக்கும். ஆமையோ சுமார் 45 செ.மீ. ஆழத்தில் நூறு முட்டைகளுக்கு மேல் இடும். கடல்நீர் தேங்கினால் கரு மூச்சுமுட்டிச் சாகும். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்வதால், அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினாலும் சாகும். முட்டைகளைப் பாதுகாத்துப் பொரிக்கவைக்கும் பொரிப்பகத்துக்கு எடுத்துப் போகிறவர்கள் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்பது இதனால்தான்.

பொரிய 45 முதல் 60 நாள். அதன் நடுப்பகுதியில் மணல் சுமார் 30 டிகிரியைத் தாண்டத் தாண்டப் பெண் குஞ்சுகள் கூடும். கொடி நிழலில் மணல் குளிரும், நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வேர்கள் ஈரம் தேடி முட்டைக் குழிக்குள் இறங்கும், ஓட்டைத் துளைக்கும், வெளியேறும் குஞ்சைச் சிக்கவைக்கும். எனவே பொரிப்பகத்து மணலைச் சலித்து வேர்த்துண்டு, பழைய ஓடு எல்லாவற்றையும் நீக்கியே ஆக வேண்டும்.

அதற்காகக் கொடியைப் பிடுங்கிவிடக் கூடாது. அது போனால் மணல்மேடு காற்றில் கரையும், ஆமைக்கு இடமே மிஞ்சாது. புதிதாக நடுவதானால் அக்டோபர் மழையோடு நடுங்கள். விதையைவிடத் தண்டுத்துண்டு நம்பகமானது: நான்கைந்து கணுக்கள் உள்ள துண்டில் இரண்டு கணுக்களை மண்ணுக்குள் புதைத்தால் போதும். விதைதான் கிடைத்தது என்றால், தோலை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து ஓரிரவு ஊறவையுங்கள். தேய்க்காத விதைக்குள் தண்ணீர் இறங்காது.

மணல்மேட்டின் மேல்பகுதியில் மட்டும் நடுங்கள். கடல்பக்கம் சில மீட்டர் வெறும் மணல் இருக்கட்டும். ஜனவரியில் ஆமை வரத் தொடங்குமுன், அந்தப் பக்கம் நீண்ட கொடிகளை மேட்டை நோக்கித் திருப்பிவிடுங்கள். அந்த இடத்தில் சவுக்கு வைக்காதீர்கள். அடர்ந்த சவுக்குத் தோப்பின் வேரையும் சருகையும் மீறி ஆமையால் குழி தோண்ட முடியாது.