பாய்ப்படகில் கார் செட்

மாமாவின் பாய்ப்படகு கல்லடிப் பக்கம் வாவியில் கட்டியிருக்கும். பைபர் படகு, 12 வோல்ட் பற்றரி, அதை நிரப்ப ஒரு சோலார் தகடு. அதில் கார் செட் ஒன்று பூட்டித் தரச் சொன்னார். பாட்டு மட்டும் காரணமில்லை. முகத்துவாரம் திறந்திருக்கும் காலத்தில், கடலுக்கு இறங்குமுன் வானொலியில் கடல் நிலவரம் கேட்பது அவர் வழக்கம். "திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரை" என்று வாசிக்கும்போது பக்கத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

காரில் கறுப்பு வயரை வண்டியின் இரும்பில் முறுக்கினாலே எர்த் கிடைத்துவிடும். பைபரில் அது நடக்காது. பற்றரியின் நெகட்டிவ் வரை தனி வயர் இழுத்தே ஆகவேண்டும்.

யோசிக்க வைத்தது மஞ்சளும் சிவப்பும்தான். சிவப்பு, சாவி திருப்பினால் கரண்ட் வரும் வயர். மஞ்சளில் எப்போதும் கரண்ட் இருக்க வேண்டும். நேரமும் பிடித்து வைத்த நிலையங்களும் அதனால்தான் மறக்காமல் இருக்கின்றன. படகில் சாவி ஏது? இரண்டையும் ஒரே சுவிச்சில் கொடுக்கலாம், ஆனால் அணைத்ததும் எல்லாம் அழிந்துபோகும். "ஒவ்வொரு முறையும் ஸ்டேசன் தேடிக்கொண்டிருக்க ஏலாது மனே" என்றார் மாமா. சரி, சிவப்பைச் சுவிச்சுக்கும் மஞ்சளை நேரே பற்றரிக்கும் கொடுத்தேன். மஞ்சள் சும்மா இருக்கையில் 10 மில்லிஅம்பியர் இழுத்தாலும் மாதத்துக்கு 7 அம்பியர்-மணி போய்விடும். சோலார் இருப்பதால் பரவாயில்லை. மாரியில் படகைக் கரையேற்றி மூடும்போது மட்டும் மஞ்சள் வயரின் பியூஸைக் கழற்ற வேண்டும். செட் பாடும்போது முழுக் கரண்டும் மஞ்சளில்தான் போகிறது. அதனால் தடித்த வயர் போட்டு, 10 அம்பியர் பியூஸைப் பற்றரியிலிருந்து ஒரு சாணுக்குள் வைத்தேன். பியூஸ் தூரத்தில் இருந்தால், இடையில் வயர் உரசித் தீப்பிடித்தாலும் அதற்குத் தெரியாது.

வயர் விஷயத்தில் காசு பார்க்காதீர்கள். பழைய விளக்கு வயரின் உறையை உரித்தபோது உள்ளே செம்பு பச்சை பிடித்து, நகம் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. வெளியில் பார்த்தால் புது வயர் மாதிரி! வெள்ளீயம் பூசிய செப்பு வயரையே தேடி வாங்கி, மூட்டுகளைச் சூட்டில் சுருங்கும் குழாயால் மூடினேன்.

ஸ்பீக்கர்களின் நெகட்டிவ் வயர்களை எர்த்தோடு சேர்க்கக் கூடாது, செட் கருகிவிடும். இன்னொன்று, ஸ்பீக்கரின் காந்தம். கையில் பிடித்தபடி திசைகாட்டிக்குக் கிட்டக் கொண்டுபோனேன், முள் அப்படியே திரும்பியது. வடக்கு தப்பினால் இரவில் கரை பிடிப்பது எப்படி? முள் அசையாத தூரம் வரை பின்னால் நகர்த்தித்தான் பூட்டினேன்.

ஏரியல் மட்டும் பாக்கி. கார் ஏரியலுக்குக் கீழே இரும்புத் தகடு வேண்டும், அது இல்லாமல் சரியாக இழுக்காது. வாவிக்குள் தெளிவாகக் கேட்கிறது, கடலில் கொஞ்சத் தூரம் போனதும் இரைச்சல். படகுக்கென்றே செய்த ஏரியல் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்கச் சொல்லியிருக்கிறோம்.