வாங்குவது சுலபம், விற்பது யாரிடம்?

பங்கு வேண்டாம், கடன் பத்திரமும் வேண்டாம், வேறு எதில் பணம் போடலாம் என்று கேட்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அடுத்ததாகக் கேட்பது "எவ்வளவு கிடைக்கும்?" என்றுதான். என்னைக் கேட்டால் அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. எனக்குப் பணம் தேவைப்படுகிற அன்றைக்கு இதை யார் வாங்கிக்கொள்வார்கள், எத்தனை நாளில் காசு கைக்கு வரும், நடுவில் யார் யார் எவ்வளவு எடுத்துக்கொள்வார்கள் என்பதை முதலில் கேளுங்கள். தங்கம், கட்டடம், ஓவியம், கச்சா எண்ணெய், கிரிப்டோ எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு 'மாற்று முதலீடு' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள், ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டதும் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

தங்கம் இதில் நல்ல பிள்ளை. உலகத்தில் எந்த மூலையிலும் வாங்க ஆள் உண்டு. ஆனால் அது வட்டி தராது, வாடகை தராது, விலை ஏறினால்தான் லாபம். 1971-ல் அமெரிக்கா டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்தது, அதுவரை ஒரு அவுன்ஸ் 35 டாலர் என்று இருந்த அதிகாரப்பூர்வ விலை காணாமல் போய் 1980 ஜனவரியில் 850 டாலரைத் தொட்டது. அந்த உச்சத்தில் வாங்கியவர் என்ன ஆனார்? 1999-ல் விலை 260 டாலருக்கும் கீழே இருந்தது. மறுபடி 850-ஐப் பார்க்க 2008 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் பணவீக்கத்தைக் கழிக்காமல். தங்கம் கைவிடாது என்று சொல்கிறவர்கள் இந்த 28 வருஷத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

ரியல் எஸ்டேட்டில்தான் விஷயம் சுவாரசியமாகிறது. ஒரு வீட்டை வாங்கினால் பணம் மொத்தமும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், கொஞ்சம் பணம் வேண்டும் என்பதற்காகச் சமையலறையை மட்டும் விற்க முடியாது. இதற்கு வழியாகத்தான் 1960-ல் அமெரிக்கா 'ரீட்' என்ற அமைப்புக்குச் சட்டம் போட்டது. பலர் பணத்தைச் சேர்த்துக் கட்டடங்களை வாங்குவார்கள், வரிக்குட்பட்ட வருமானத்தில் குறைந்தது 90 சதவீதத்தை முதலீட்டாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது இன்றைய விதி. பிறகு பல நாடுகள் இதைப் பின்பற்றின. நல்ல ஏற்பாடுதான், ஆனால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ரீட்டின் விலை, பங்கு மாதிரியே ஆடும், 2008-ல் பங்குகளோடு சேர்ந்து அதுவும் விழுந்தது. அந்த ஆட்டம் பிடிக்காமல் பட்டியலிடாத சொத்து ஃபண்டுகளுக்குப் போகிறவர்கள் உண்டு. அங்கே விலையை யாரோ ஒரு மதிப்பீட்டாளர் அவ்வப்போது உட்கார்ந்து எழுதுவார், அதனால் வரைபடம் அலையே இல்லாமல் அழகாக இருக்கும், பார்த்தால் நிம்மதியாகவும் இருக்கும். கட்டடத்தின் உண்மையான மதிப்பு நடுவில் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது, அதை அளக்கத்தான் ஆள் இல்லை. 2016-ல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற பிரிட்டன் வாக்களித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், ஜூலையில் பல சொத்து ஃபண்டுகள் பணம் எடுப்பதையே நிறுத்திவைத்தன. ஏமாற்று வேலை எதுவும் இல்லை, அலுவலகக் கட்டடங்களை ஒரு வாரத்தில் விற்க முடியாது, அவ்வளவுதான்.

பங்குச் சந்தைக்கு வராத தனியார் நிறுவனங்களில் முதலீடு செய்யும் ஃபண்டுகள் இன்னும் ஒரு படி மேலே. பத்து வருஷம் பணத்தைத் தொட முடியாது என்பதே அங்கே வழக்கமான ஒப்பந்தம், வருஷத்துக்கு 2 சதவீதக் கட்டணம், லாபத்தில் 20 சதவீதப் பங்கு என்பது பழைய கணக்கு. இதை விற்க வருகிறவர்கள் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைக் காட்டுவார்கள். 1985 முதல் 2021-ல் இறக்கும் வரை அதன் நிதியைப் பார்த்துக்கொண்ட டேவிட் ஸ்வென்சன் இப்படிப்பட்ட முதலீடுகளில்தான் பெரிதாக ஜெயித்தார், உண்மைதான். ஆனால் பல்கலைக்கழகத்துக்குத் திடீரென்று ஆபரேஷன் செலவு வராது, வேலை போகாது, சிறந்த மேலாளர்கள் அவருக்குக் கதவைத் திறந்தார்கள், நமக்குத் திறக்க மாட்டார்கள். இதே பாணியில் போன ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கே 2008 நெருக்கடியில் ரொக்கம் தட்டுப்பட்டு, கடன் பத்திரம் வெளியிட்டுத்தான் பணம் திரட்ட வேண்டியிருந்தது.

சரி, எண்ணெய். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் (மே மாதத்தில் எண்ணெயைப் பெற்றுக்கொள்வதாக முன்கூட்டியே போடுவது) பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. பெருந்தொற்றால் யாரும் எரிபொருள் வாங்கவில்லை, சேமிப்புத் தொட்டிகளில் இடமில்லை, மறுநாள் ஒப்பந்தம் காலாவதி. கையில் வைத்திருந்தவர்கள் காசு கொடுத்து எண்ணெயைத் தள்ளிவிட்டார்கள்! சரக்கு எப்படியும் சரக்குதானே, பூஜ்யத்துக்குக் கீழே போகவா போகிறது என்று எண்ணெய் விலையில் பணம் போட்ட சாதாரண ஆட்கள் பலர் அன்று போட்ட பணத்துக்கு மேலும் இழந்தார்கள்.

கலைப்பொருள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2017-ல் லியனார்டோ டா வின்சி வரைந்ததாகச் சொல்லப்படும் 'சால்வடோர் முண்டி' ஓவியம் 45 கோடி டாலருக்குப் போனது எல்லோருக்கும் தெரியும். அதில் 40 கோடிதான் ஏலத்தில் கேட்கப்பட்ட விலை, மீதி 5 கோடி ஏல நிறுவனத்தின் கட்டணம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வாங்கிய மறுநாளே அதே விலைக்கு விற்றால்கூட நஷ்டம்தான். பழைய நாணயம், ஒயின், கடிகாரம் எல்லாவற்றிலும் இதே கதை, சின்ன அளவில்.

கிரிப்டோ இதற்கு நேர் எதிர், ராத்திரி இரண்டு மணிக்கும் விற்கலாம். 2021 நவம்பரில் 69,000 டாலர் அருகே போன பிட்காயின் ஒரே வருஷத்தில் 16,000 பக்கம் வந்தது, அதையாவது தாங்கலாம். எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ வர்த்தகத் தளம் 2022 நவம்பரில் திவாலானபோது அதில் நாணயம் வைத்திருந்தவர்களுக்கு விலை என்ன என்பதே பிரச்சினை இல்லை, எடுக்கவே முடியவில்லை.

நான் செய்யச் சொல்வது ஒரு சின்னச் சோதனை. எதையாவது வாங்கப் போகும்போது, வாங்கும் விலையைக் கேட்ட கையோடு, "இதையே இன்றைக்கு உங்களிடம் விற்றால் என்ன தருவீர்கள்?" என்று கேளுங்கள். தங்கக் காசுக்கு உடனே ஒரு எண் வரும். மற்ற பலவற்றுக்கு ஒரு புன்னகையும் ஒரு நீண்ட விளக்கமும் வரும். ஃபண்டு என்றால் பணம் திரும்ப எடுக்கும் விதிகள் எழுதிய பக்கத்தை முதலில் படியுங்கள், எந்தச் சூழ்நிலையில் நிறுத்திவைப்பார்கள் என்று அங்கேதான் இருக்கும். அப்புறம் இன்னொன்று, நீங்கள் இல்லாதபோது வீட்டில் இருப்பவர்கள் இதை விற்க முடியுமா? பத்திரம் எங்கே, சாவி எங்கே, கிரிப்டோவின் ரகசியச் சொற்கள் எங்கே, யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அவர்களுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள்.