ஏரிக்குப் போற வண்டிப்பாதைய மீட்ட கதை

மூணு வருஷத்துக்கு முன்னாடி பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். செங்கல்பட்டு பக்கம் எங்க ஊரு. காலைல ஆடு ஓட்டிட்டுப் போன சித்தப்பா பத்தே நிமிஷத்துல ஆட்டோட திரும்பி வந்துட்டாரு, என்னாச்சுன்னா "வழிய அடைச்சுட்டானுங்கடா"ன்றாரு. போய் பாத்தா ஏரிக்கும் சுடுகாட்டுக்கும் போற வண்டிப்பாதைல கல்லுக்கால் நட்டு முள்ளுகம்பி இழுத்து வச்சிருக்கு, அந்தப் பக்கம் கலர் கலரா கொடி, மனை விற்பனைக்குன்னு போர்டு. லேஅவுட்காரரோட ஆள் ஒருத்தர் நின்னாரு. "நாங்கதான் உள்ள 30 அடி ரோடு விட்டிருக்கோமே தம்பி, அதுல சுத்திப் போங்க"ன்னாரு. அந்த ரோட்டுக்கு கேட்டு இருக்கு, கேட்டுக்கு வாட்ச்மேன் இருக்காரு, ஆட்டை உள்ள விடமாட்டாரு. பொணத்தை விடுவாரான்னு கேட்டேன், பதில் இல்ல.

முதல்ல எல்லாரும் பண்ற தப்பைத்தான் நாங்களும் பண்ணோம், பத்து பேர் கையெழுத்து போட்டு "காலங்காலமா பயன்படுத்தி வந்த பாதை"ன்னு உருக்கமா மனு எழுதி திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல கலெக்டர் ஆபீஸ்ல குடுத்தோம். அது கலெக்டர்ட்ட இருந்து தாசில்தார், தாசில்தார்ட்ட இருந்து ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), ஆர்ஐட்ட இருந்து விஏஓன்னு இறங்கி வந்துச்சு, விஏஓ கம்ப்யூட்டர்ல பாத்துட்டு "மேற்படி இடம் பட்டா நிலம், பாதை ஏதும் இல்லை"ன்னு ஒரே வரியில எழுதி முடிச்சுட்டாரு. அவரை குத்தம் சொல்லியும் பிரயோஜனம் இல்ல, ஆன்லைன்ல எஃப்எம்பி, அதாவது நிலத்தோட அளவு காட்டுற புலப்படம் எடுத்துப் பாத்தா நிஜமாவே அதுல பாதை இல்ல.

வழி காட்டினது ரிட்டயர்ட் ஆன ஒரு சர்வேயர், பக்கத்து ஊரு. டீ குடிச்சுக்கிட்டே கேட்டாரு, "யுடிஆருக்கு முன்னாடி படம் பாத்தியா?" யுடிஆர்னா 1979ல ஆரம்பிச்சு 1987 வரைக்கும் நடந்த நில உடைமை பதிவு மேம்பாட்டுத் திட்டம். லிங்க்ஸ்ங்கிற பழைய சங்கிலி அளவுக் கணக்குல இருந்த படத்தை எல்லாம் மீட்டருக்கு மாத்தி பட்டாவ புதுசா எழுதினாங்க, அந்த அவசரத்துல நிறைய இடத்துல பாதையும் ஓடையும் பக்கத்துப் பட்டாவோட சேந்து போயிடுச்சாம். அதுக்கு முந்தின புலப்படமும், எந்த சர்வே நம்பர் என்ன நிலம்னு எழுதி வச்சிருக்கிற அ பதிவேடும் கிடைச்சா கேஸ் இருக்கு, இல்லன்னா ஆட்டை வித்துடுங்கன்னாரு.

உடனே ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்ட மனு போட்டோம். 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தபால்ல ரிஜிஸ்டர் பண்ணி அனுப்பினோம். இதுல ஒண்ணு கத்துக்கிட்டேன், "ஏன் நடவடிக்கை எடுக்கல"ன்னு கேக்கவே கூடாது, கேட்டா வழவழன்னு ஒரு பதில் வரும். இந்த சர்வே நம்பருக்கு யுடிஆருக்கு முந்தின புலப்படம், பழைய அ பதிவேட்டுல அந்தப் பக்கம், ரெண்டுக்கும் சான்றிட்ட நகல் வேணும், அவ்ளோதான். 30 நாள்ல பதில் தரணும், வரல. முதல் மேல்முறையீடு போட்டோம். அதுக்கப்புறம்தான் பக்கத்துக்கு 2 ரூபான்னு பணம் கட்டச் சொல்லி லெட்டர் வந்துச்சு. நாலு பக்கம், 8 ரூபா. அந்த 8 ரூபா காகிதம்தான் மொத்த கேஸே. படத்துல பாதைக்கு தனி உட்பிரிவு நம்பர், அகலம் 30 லிங்க்ஸ், அதாவது கிட்டத்தட்ட 20 அடி. பதிவேட்டுல குறிப்பு கலத்துல கருப்பு மையில "வண்டிப்பாதை". சித்தப்பா அதை ஃபிரேம் போடலாமான்னு கேட்டாரு.

ஆகஸ்ட் 15 கிராம சபைல இதை தீர்மானமா கொண்டு வந்தோம். ஊராட்சிகள் சட்டம் 134வது பிரிவுல மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு மாதிரி புறம்போக்கோட பயன்பாட்டை ஒழுங்குபடுத்துற அதிகாரம் ஊராட்சிக்குன்னு இருக்கு, அதைப் படிச்சுக் காட்டினதும் தலைவர் கொஞ்சம் நெளிஞ்சாரு. "பேசியாச்சு, அப்புறம் எழுதிக்கலாம்"ன்னாங்க. பொம்பளைங்கதான் விடல, நோட்டுல எழுதி முடிக்கிற வரைக்கும் நாப்பது பேர் எழுந்திருக்கவே இல்ல. எழுதினதும் ஃபோன்ல ஃபோட்டோ எடுத்துக்கிட்டோம். இதை கண்டிப்பா பண்ணுங்க, ஏன்னா தீர்மான நோட்டுக்கும் கால் முளைக்கும்.

யுடிஆர்ல நடந்த தப்பை திருத்துற அதிகாரம் டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்) கிட்ட இருக்கு. விசாரணைக்கு அஞ்சு தடவை போனோம். மூணு தடவை எதிர்தரப்பு வாய்தா வாங்கினாங்க. ஒவ்வொரு தடவையும் வேன் வாடகை, ஒரு நாள் கூலி போச்சு, கூட வர்ற ஆளுங்க பதினெட்டுல இருந்து ஆறாச்சு. இங்கதான் நிறைய ஊர் தோத்துப் போகுதுன்னு நினைக்கிறேன். நடுவுல லேஅவுட்காரர் கோயில் கும்பாபிஷேகத்துக்கு பெரிய தொகை தர்றேன்னு சொல்லி அனுப்பினாரு, ஊருக்குள்ள ரெண்டு கட்சி ஆயிடுச்சு, எங்க மாமாவே அந்தப் பக்கம். இன்னும் நாங்க சரியா பேசிக்கிறதில்ல.

சர்வே அன்னைக்கு புதர வெட்டினா பழைய சர்வே கல் ரெண்டு அப்படியே இருந்துச்சு, படத்துல காட்டின தூரத்துலயே. அதுக்கப்புறம் உத்தரவு வந்துச்சு, அந்த அளவுக்கு பட்டாவுல கழிச்சு மறுபடி புறம்போக்குன்னு ஏத்தினாங்க. புறம்போக்கா ஆனாதான் 1905 ஆக்கிரமிப்புச் சட்டத்துல முதல்ல விளக்கம் கேக்குற 7வது பிரிவு நோட்டீஸ், அப்புறம் காலி பண்ணச் சொல்ற 6வது பிரிவு நோட்டீஸ்னு போக முடியும். நாங்க முதல் நாளே "ஆக்கிரமிப்பை அகற்று"ன்னு கத்திட்டு இருந்தோம், அவங்க ரெக்கார்டுல அப்ப அது ஆக்கிரமிப்பே இல்ல. மனுவ இந்த வரிசைல போட்டிருந்தா ஆறு மாசம் மிச்சம் ஆகியிருக்கும்.

ஜேசிபி வந்த அன்னைக்கு நான் நினைச்ச மாதிரி சந்தோஷமா இல்ல. பாதை மேல மனை வாங்கினவங்கள்ல ஒரு சின்ன வயசு புருஷன் பொண்டாட்டி, நகைய அடகு வச்சு வாங்கினதாம், கைல அப்ரூவல் பேப்பரை வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அவங்க கோவம் எங்க மேலதான். பாதைல போன அளவுக்கு பணத்தைத் திருப்பிக் கேட்டு அவங்க ஒரு பக்கம் அலைஞ்சிட்டு இருக்காங்க, எங்ககிட்ட இருந்த நகலை எல்லாம் ஒரு செட் ஜெராக்ஸ் போட்டுக் குடுத்தோம். முதல்ல வாங்கிக்கல, ரெண்டு வாரம் கழிச்சு அந்தப் பையனே வந்து வாங்கிட்டுப் போனான்.

இப்ப 20 அடில ஒரு 15 அடி திறந்திருக்கு. மிச்ச அஞ்சு அடில ஒரு காம்பவுண்டு சுவரு, அதுக்கு ஹைகோர்ட்டுல ஸ்டே இருக்கு. சித்தப்பா தினமும் ஆட்டை அந்தச் சுவரை ஒட்டியே ஓட்டிட்டுப் போறாரு, நடு வழில போக இடம் இருந்தாலும்.