தாஜி முகாமில் அவருடைய ஷெட்

நான் அன்றைக்குச் சொன்னது சரிதானா என்று கேட்டால், சரி என்றுதான் சொல்வேன். ஈராக்கில், பாக்தாதுக்கு வடக்கே தாஜியில், பழைய ஈராக் ராணுவத் தளத்தை அமெரிக்கர்கள் முகாமாக்கி, ராத்திரியானால் அங்கே மோர்ட்டார் குண்டு விழுந்த காலம். படுத்திருப்பது கூடாரத்தில். காலையில் செக்யூரிட்டிக்காரர் வந்து, "கூலிக்கு வருகிறவர்களில் எவனாவது கட்டடங்களைப் பற்றிப் பேசினானா?" என்று கேட்டார். ஒருவர் பேசியிருந்தார். சொன்னேன். மறுநாளிலிருந்து அவரை கேட்டுக்குள் விடவில்லை.

அவர் பேசியது இவ்வளவுதான். மணல் மூட்டை கட்டுகிறவர்களுக்குக் காவலாக என்னை நிறுத்தியிருந்தார்கள். மெஸ் ஸ்டோர்க்காரன் தலையில் அந்த வேலையும் விழும். எங்கள் அரிசி அடுக்கியிருந்த ஷெட்டைக் காட்டி, "சதீக் (நண்பா), அது என் ஷெட். டாங்கி எஞ்சினை அங்கேதான் இறக்குவோம்" என்றார். உண்மைதான். எவ்வளவு தேய்த்தாலும் போகாத ஆயில் கறை அங்கே தரையில் இருந்தது. அதன் மேல் பலகை போட்டுத்தான் மூட்டைகளை அடுக்கியிருந்தோம். அப்புறம், "உனக்கு என்ன சம்பளம்?" என்று கேட்டார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் அடுத்த மூட்டையின் வாயைக் கட்டினார்.

சம்பளத்தைக் குறைத்துச் சொல்லியிருக்கலாமோ என்று அடிக்கடி தோன்றும். சொல்லியிருந்தால் மட்டும் என்ன? நான் நின்ற இடம் அவர் கண்ணுக்குத் தெரியாதா? ஈராக்கியரை அடுப்படியில் விட்டால் விஷம் வைப்பார்கள் என்ற பயத்தில்தான் வெளிநாட்டுக்காரர்களான எங்களைக் குவைத் வழியாகக் கொண்டுவந்தார்கள்.

2003 மே 23 அன்று ஈராக்கை நிர்வகித்த அமெரிக்க அதிகாரி பிரெமர் கையெழுத்துப் போட்டு, ஏறக்குறைய 4 லட்சம் பேரின் ஈராக் ராணுவத்தைக் கலைத்தார். அந்த ஷெட்க்காரர் வேலையும் அதோடு போனது. போருக்கு முன்னால் 'சண்டை போடாதே, வீட்டுக்குப் போ' என்று விமானத்திலிருந்து நோட்டீஸ் போட்டதும் அமெரிக்கர்கள்தான். அதைக் கேட்டு வீட்டுக்குப் போனவனுக்கும் சேர்த்துத்தான் இந்த உத்தரவு. ஜூனில் பாக்தாதில் சம்பளம் கேட்டுத் திரண்ட பழைய சிப்பாய்களில் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகுதான் மாதம் 50 முதல் 150 டாலர் வரை உதவித்தொகை அறிவித்தார்கள்.

வேலைக்கு யாரைப் பிடிப்பது? முகாமுக்குக் கூலியாள் அனுப்பியவர் பக்கத்து ஊர் ஷேக். அவருடைய பட்டியலில் அவருடைய சுன்னி பிரிவு ஆட்கள். ஷெட்டைக் காட்டிய இவர் ஷியா பிரிவு, ஆள் குறைகிற நாளில் மட்டும் சேர்த்துக்கொள்வார்கள். மேலேயும் அதே கதைதான். ஈராக்கை ஆள அமெரிக்கர்கள் அமைத்த 25 பேர் குழுவையே ஷியா 13, சுன்னி அரபு 5, குர்து 5, மற்றவர்கள் 2 என்று எண்ணித்தான் போட்டார்கள். (நானும் எங்கள் ஊர் ஏஜென்ட் புண்ணியத்தில் போனவன்தான். அதையும் சொல்ல வேண்டும்.)

வேலை போன சுன்னி அதிகாரிகள்தான் ஆயுதம் தூக்கினார்கள் என்று இப்போது படிக்கிறேன். தப்பில்லை. ஐஎஸ் என்ற பயங்கரவாத அமைப்பைக் கட்டி எழுப்பிய ஹாஜி பக்கர் சதாம் காலத்துக் கர்னல். ஆனால் இவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். இவருக்கு வேறு வாசல் இருந்தது. பாக்தாதின் ஷியா பகுதியான சதர் சிட்டியில் மெஹ்தி படை என்ற ஷியா ஆயுதக் குழு வேலையில்லாதவர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. அவர் அங்கே போனாரா, ஜோர்டானுக்குப் போனாரா, யாருக்குத் தெரியும்.

கட்டடமெல்லாம் தெரிந்த ஆள் ஆபத்துதானே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இருபது வருஷம் வேலை பார்த்த இடத்தைப் பற்றி ஒரு மெக்கானிக் வேறு எப்படிப் பேசுவான் என்பதும் இப்போது தோன்றுகிறது.

அவரை நிறுத்திய பிறகும் குண்டு விழுந்தது. அதை வைத்து அவர் நிரபராதி என்று சொல்லிவிட முடியாது. முன்னால் சம்பந்தமே இல்லாதவர், நிறுத்திய பிறகு போய்ச் சேர்ந்திருக்கலாம்.