எது காரணம்னு தெரியாமலே சரியான வண்டி

சுத்தமா ஸ்டார்ட்டே ஆகாத குவாட் பைக்க (மணல்ல ஓட்டுற நாலு சக்கர பைக்) பாத்து எனக்கு பயம் கிடையாது. ஸ்பார்க் இல்லன்னா இல்ல, மீட்டர எடுத்து ஒவ்வொரு இடமா வெச்சு பாத்துட்டே போனா எங்கயாவது ஒரு இடத்துல மாட்டிரும். நல்லா ஓடிட்டே இருந்து சாவிய திருப்பின மாதிரி டப்புன்னு நின்னு, கொஞ்ச நேரத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடி ஸ்டார்ட் ஆகுது பாருங்க, அந்த வண்டிதான் தூக்கத்த கெடுக்கும். காய்ச்சல் விட்டப்புறம் டாக்டர்கிட்ட தூக்கிட்டு போன புள்ள மாதிரி, ஒர்க்‌ஷாப்புக்குள்ள வந்தா அது நல்லாத்தான் இருக்கும்.

அப்படி ஒரு வண்டி விஷயமா ஷார்ஜா பாலைவனத்துல இருக்கிற அல் பதாயர்ல டூரிஸ்ட் கேம்ப் பாத்துக்கிற அண்ணாச்சி ஒருத்தர் என்கிட்ட சொன்னது இன்னும் மனசுல ஓடிட்டே இருக்கு. நான், ஸ்பார்க் எப்போ வரணும்னு சிக்னல் கொடுக்கிற பிக்கப் காயில், இன்ஜின ஆஃப் பண்ற கில் வயர்னு விளக்கிட்டு இருந்தேன். பொறுமையா கேட்டுட்டு, "தம்பி, எனக்கு காரணம் வேண்டாம், வண்டி வேணும்"னாரு. கோவமா சொல்லல, அதான் விஷயமே. கோவமா சொல்லிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசிட்டு மறந்திருப்பேன்.

அவர் பக்கம் நியாயம் இல்லன்னு சொல்ல முடியாது. ஷார்ஜால 2022-லேர்ந்து வெள்ளி சனி ஞாயிறு மூணு நாள் லீவு, அந்த மூணு நாள்லதான் கேம்ப்புக்கு வருமானம், அதுவும் அக்டோபர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும்தான், அப்புறம் அந்த வெயில்ல யாரு மணல்ல வண்டி ஓட்ட வருவா. இது கைடு முன்னாடி ஓட்டிட்டு போற வண்டி வேற, அது நின்னா பின்னாடி வர்ற மொத்த குரூப்பும் நிக்கும்.

ஆனா அதே காரணத்துக்காகத்தான் எனக்கு காரணம் வேணும்னு தோணுச்சு. சமதரையில கட் ஆனா பரவால்ல, ஓரமா தள்ளி நிறுத்திக்கலாம். மணல்மேட்டுல ஏறும்போது பாதில கட் ஆனா கதை வேற, மூக்கு மேல பாத்தபடி நிக்கும், பின்னாடி உருளும், பயந்து ஹேண்டில ஒடிச்சா பக்கவாட்டுல கவுந்து ஓட்டுறவன் மேலயே விழும். அப்படி விழுந்த வண்டிகள நான் ஒர்க்‌ஷாப்ல பாத்திருக்கேன். அதனால "ஓடுது, எடுத்துட்டு போங்க"ன்னு எனக்கு சொல்ல வராது.

வண்டி எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே கேம்ப்ல யாரோ கைய வெச்சிருந்தாங்க. பிளக் புதுசு, பிளக்குக்கு ஸ்பார்க் அனுப்புற சிடிஐ பாக்ஸ் புதுசு, பழைய சிடிஐ எங்கன்னு கேட்டா தூக்கி போட்டாச்சாம். எனக்கு இதுதான் பெரிய கஷ்டம். ஒரு பார்ட்ஸ மாத்தி பிரச்சனை தீரலன்னா பழசையே திரும்ப மாட்டிறணும், இல்லன்னா புதுசும் சரியில்லாம இருந்தா ஒண்ணுக்கு ரெண்டா ஆகிரும், எதுலேர்ந்து எது வருதுன்னே தெரியாது. பேட்டரியும் மாத்திருந்தாங்க, அது தேவையே இல்ல. இந்த வண்டி ஏசி சிடிஐ, இன்ஜின் சுத்தும்போது கரண்ட் எடுக்கிற ஸ்டேட்டர்ல இருக்கிற தனி காயில்லேர்ந்துதான் சிடிஐக்கு கரண்ட் போகும், ஓடிட்டு இருக்கிற வண்டி கட் ஆகுறதுக்கும் பேட்டரிக்கும் சம்பந்தம் கிடையாது. இங்க கட் ஆகுதுன்னாலே எல்லாரும் முதல்ல பேட்டரியத்தான் பாக்குறாங்க.

முதல்ல இது ஸ்பார்க்கா பெட்ரோலான்னு பிரிக்கணும். டேங்க் மூடியோட காத்து ஓட்டை மணல்ல அடைச்சா கூட கொஞ்ச தூரம் ஓடி நிக்கும், மூடிய திறந்தா சரியாகும், அத இக்னிஷன்னு நெனச்சு சிடிஐ மாத்தினவங்க உண்டு. அதனால பிளக் வயருக்கு நடுவுல மாட்டுற டெஸ்டர் லைட்ட ஹேண்டில்ல டேப் போட்டு ஒட்டி, அதுக்கு நேரா மொபைல கட்டி வீடியோ ஆன் பண்ணி, எங்க கடை பையன (ராம்நாடு பக்கம், நல்லா ஓட்டுவான்) பதாயர் மணல்லயே ஓட்ட விட்டோம். ரொம்ப நேரம் ஒண்ணும் ஆகல, திரும்பி வரலாம்னு நெனச்சப்போ கட் ஆச்சு. வீடியோவ மெதுவா ஓட்டி பாத்தா லைட் முதல்ல நிக்குது, இன்ஜின் சத்தம் அப்புறம்தான் இறங்குது. பெட்ரோல் பிரச்சனைன்னா இன்ஜின் சுத்துற வரைக்கும் லைட் மினுக்கிட்டே இருந்திருக்கும். ஸ்பார்க்தான். அன்னிக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம், பாதி முடிஞ்ச மாதிரி.

மீதி பாதிதான் முடியவே இல்ல. சந்தேகம் ரெண்டு இடத்துல வந்து நின்னுச்சு. ஒண்ணு, ஹேண்டில் தண்டுக்கிட்ட வளைஞ்சு போற கில் சுவிட்ச் வயர். உறை தேஞ்சு செம்பு தெரிஞ்சது. ஏசி சிடிஐல அந்த வயர் எர்த் ஆனாத்தான் இன்ஜின் ஆஃப், அப்போ ஓடும்போது ஃபிரேம்ல லேசா பட்டாலே போதும். ஆனா இன்ஜின ஓட விட்டு ஹேண்டில இடது வலதுன்னு முழுசா ஒடிச்சு பாத்தோம், வயர கையால ஆட்டி பாத்தோம், ஒரு தடவை கூட கட் ஆகல. இன்னொண்ணு பிக்கப் காயில். ஆறின இன்ஜின்ல ஓம்ஸ், அதாவது காயிலோட மின்தடை, சரியா இருந்துச்சு. சூடா இருக்கும்போது கூடுதலா காட்டுச்சு, அது காயில் கெட்டதுக்கு அடையாளம் இல்ல, செம்பு சூடானா கூடத்தான் செய்யும், 100 ஓம்ஸ் காயில் 75 டிகிரி ஏறினா 130 கிட்ட வரும், அது தெரியாம நல்ல காயில எறியிற ஆளுங்க இருக்காங்க. ஆனா ஹீட் கன் காட்டி ஸ்க்ரூ டிரைவர் பிடியால தட்டினப்போ மீட்டர் ஒரே ஒரு தடவை ஓப்பன்னு, அதாவது உள்ள கம்பி அறுந்த மாதிரி, காட்டுச்சு. மறுபடி தட்டினா இல்ல. மீட்டர் முனை நழுவிச்சா, உள்ள கம்பி விட்டு ஒட்டுச்சா? எனக்கு இப்பவும் தெரியாது.

இத தீத்துக்க ஒரு சுலபமான வழி இருந்துச்சு. கில் வயர சிடிஐக்கிட்ட கழட்டி விட்டு மணல்ல ஓட்டணும். அப்பவும் கட் ஆனா பிக்கப், ஆகலன்னா வயர். ஆனா அப்படி ஓட்டினா கில் சுவிட்ச் வேலை செய்யாது, சாவி வேலை செய்யாது, கையில கட்டுற கயிறு இழுத்தாலும் இன்ஜின் நிக்காது. ஆள் விழுந்து ஆக்ஸிலேட்டர் மாட்டிக்கிட்டா வண்டி தன் போக்குல போகும். பையன் நான் ஓட்டுறேண்ணேன்னான். வேண்டாம்டான்னுட்டேன். அது சரியான முடிவுன்னுதான் இப்பவும் சொல்வேன். ஆனா கொஞ்ச நேரம் கழிச்சு தோணும், ஆள் இல்லாத தட்டையான இடமா பாத்து, நானே ஓட்டி, சோக்க இழுத்தோ கியர்ல பிரேக் புடிச்சோ நிறுத்திக்கிட்டிருக்கலாமே. தட்டையில ஓட்டினா கட் ஆகாமலே போயிருக்கலாம், ஆனா முயற்சி பண்ணிருக்கலாம். அப்புறம் அதுக்கும் மனசு ஒரு பதில் வெச்சிருக்கும், வியாழக்கிழமை சாயங்காலம் எங்க நேரம் இருந்துச்சுன்னு.

அண்ணாச்சி அந்த வார்த்தைய சொன்னது அந்த வியாழக்கிழமைதான். ரெண்டையும் சேத்தே பண்ணிட்டேன். வயர புதுசா இழுத்து, ஸ்லீவ் போட்டு, தண்டுல உரசாத மாதிரி வேற வழியா கொண்டு போயி கட்டினேன். ஃப்ளைவீல புல்லர் போட்டு கழட்டி, பிக்கப்போட சேத்து ஸ்டேட்டர் பிளேட் முழுசா மாத்தினேன், பிக்கப் கேப்ப கேஜ் வெச்சு செட் பண்ணேன், எர்த் பாயிண்ட சுரண்டி இறுக்கினேன். வண்டி கேம்ப்புக்கு போச்சு. அதுக்கப்புறம் அந்த பிரச்சனைக்கு அது திரும்பி வரவே இல்ல, அந்த சீசன் முழுக்க ஓடுச்சு.

அப்போ என்ன குறைன்னு கேப்பீங்க. அண்ணாச்சிக்கு குறை இல்ல, கைடுக்கு குறை இல்ல, நிறைய பேர் ஓட்டிட்டு நல்லபடியா வீட்டுக்கு போயிருக்காங்க. பாதுகாப்புன்னு பாத்தா சந்தேகம் உள்ள ரெண்டையும் மாத்துறதுதான் சரி, ஒண்ண மட்டும் மாத்தி "இதுவா இருக்கும்"னு மணல்மேட்டுக்கு அனுப்புறது சரியில்ல. ஆனா அந்த ரெண்டுல ஒண்ணுக்கு அவர் கொடுத்த காசு வீண். ஸ்டேட்டர் சல்லிசு இல்ல. வயர்தான் காரணம்னா கொஞ்ச திர்ஹம்ல முடிஞ்சிருக்க வேண்டிய வேலை. இத அவர்கிட்டயே சொன்னேன். "அத விடுங்க தம்பி, நல்லா ஓடுதுல்ல"ன்னாரு. அவருக்கு நெஜமாவே அது பெருசா தெரியல. அப்போ காரணம் காரணம்னு நான் நின்னது அந்த வண்டில ஏறப்போற ஆளுக்காகவா, இல்ல எனக்கு தெரிஞ்சே ஆகணுங்கிறதுக்காகவா? அவர் அத கேக்கல, ஆனா அவர் சொன்ன வார்த்தைக்குள்ள அந்த கேள்வி இருக்கு.

கழட்டின பிக்கப்ப வேலை இல்லாத நேரத்துல ஹீட் கன் காட்டி மறுபடி மறுபடி பாத்தேன், ஒரு தடவை கூட ஓப்பன் காட்டல. அதனால அது நல்லதுன்னு சொல்லிற முடியாது. இன்ஜின் சுத்தும்போது வர்ற அதிர்வு டேபிள் மேல வராது.

பையன் அன்னிக்கு வண்டி போனதும், "எதுண்ணே காரணம்?"னு கேட்டான். ரெண்டுல ஒண்ணுடான்னேன். அவன் முகத்துல அந்த பதில் ஒட்டல. ஜாப் கார்டுல "ஸ்டேட்டர் மாத்தியது, கட் பிரச்சனை சரி"ன்னு எழுதி வெச்சிருக்கான், வயர பத்தி ஒரு வரி இல்ல. பெரிய வேலைதானே கண்ணுக்கு தெரியும். நான் அத திருத்தி எழுதினேன், ஆனா அவன் மண்டைக்குள்ள எழுதினத என்னால திருத்த முடியல.

இப்போ அதே மாடல்ல இன்னொரு வண்டி வந்திருக்கு, அதே மாதிரி கட். நான் ஸ்பேனர எடுக்கிறதுக்குள்ள பையன், "அண்ணே, போன தடவை மாதிரி ஸ்டேட்டர் சொல்லிறவா?"ங்கிறான். அப்படி இல்லடா, அது ஸ்டேட்டர்னு யாரு சொன்னாங்கன்னேன். "மாத்தினதும் சரியாச்சுல்லண்ணே"ங்கிறான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, ஏன்னா சரியாச்சு.

இதுலயும் ஹேண்டில் தண்டுக்கிட்ட வயர் உறை தேஞ்சுதான் இருக்கு. இந்த வண்டிக்காரருக்கு அவசரம் இல்ல, வீட்டு வண்டி. அதனால வயர மட்டும் சரி பண்ணிருக்கேன், ஸ்டேட்டர்ல கை வெக்கல, ஓட்டி பாத்துட்டு சொல்லுங்க, ஆனா மேடு ஏறாதீங்க, தட்டையில மட்டும் ஓட்டுங்கன்னு சொல்லி அனுப்பிருக்கேன். தட்டையில மட்டும் ஓட்டினா அந்த கட் வருமான்னு அவர் கேட்டாரு. வராம போகலாம்னுதான் சொன்னேன்.