பாலையூற்று மாதாவிடம் நடந்து போகிறவர்களுக்கு

திருகோணமலை நகரத்திலிருந்து பாலையூற்று லூர்து அன்னை திருத்தலத்துக்கு நடப்பது மடு மாதா கோயிலுக்குப் போவதுபோலப் பெரும் பயணம் அல்ல. ஆற அமர நடந்தாலும் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும். பஸ் பிடிக்கத் தேவையில்லை, தங்க இடம் தேடத் தேவையில்லை, வேலைக்கு லீவு போடவும் தேவையில்லை. இவ்வளவு கிட்ட இருப்பதாலேயே பலர் ஆயத்தம் இல்லாமல் புறப்பட்டுவிடுகிறார்கள். நேர்த்தி வைத்தாயிற்று, மெழுகுதிரி வாங்கியாயிற்று, விடிய எழும்பி நடந்தால் சரி என்று நினைக்கிறார்கள். அந்த நடை பாவசங்கீர்த்தனத்திலிருந்து, அதாவது பாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதிலிருந்து, தொடங்க வேண்டும் என்பதே நாங்கள் அழுத்திச் சொல்வது. மெழுகுதிரி அதற்குப் பிறகுதான்.

பிரான்சின் லூர்திலும் ஒழுங்கு அப்படித்தான் இருந்தது. 1858 பெப்ரவரி 11 முதல் யூலை 16 வரை மாதா பெர்னதெத் என்ற சிறுமிக்கு 18 தடவை காட்சி கொடுத்தார். பெப்ரவரி 24 அன்று அவர் கேட்டது தவம். பாவிகளுக்காகச் செபிக்கும்படி கேட்டார். ஊற்றில் குடித்து முகம் கழுவச் சொன்னது அடுத்த நாள். கண்ணுக்குத் தெரிய அங்கே ஊற்று எதுவும் இல்லை. 14 வயதுப் பிள்ளை கெபிக்குள் (குகைக்குள்) குனிந்து கையால் நிலத்தைக் கிளறினாள்; வந்தது சேறு. மூன்று தரம் அள்ளி எறிந்துவிட்டு, நாலாம் தரம்தான் ஒரு வாய் குடிக்க முடிந்தது. முகமெல்லாம் சேறு பூசிக்கொண்டு திரும்பியவளைப் பார்த்து, பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றது கூட்டம். தண்ணீர் தெளிந்து ஓடியது அதற்குப் பிறகு. முதலில் தவம், பிறகு தண்ணீர்.

பாவசங்கீர்த்தனத்துக்குத் திருநாள் காலை உகந்த நேரம் அல்ல. வரிசை நீளும், பாதருக்கும் அவகாசம் இராது, பின்னால் நிற்பவர்களின் பெருமூச்சைக் கேட்டு நீங்களும் அவசரப்படுவீர்கள். முந்திய வாரத்தில் உங்கள் பங்குக் கோயிலிலேயே, மாலைப் பூசைக்கு அரை மணி முந்திப் போங்கள். பழைய ஞானோபதேசம் சொல்லித் தந்த ஐந்தும் இன்றைக்கும் அப்படியே பொருந்தும்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்யமாட்டேன் என்ற பிரதிக்கினை, பாவத்தை வெளிப்படுத்தல், பாதர் கொடுத்த அபராதத்தை (பரிகாரத்தை)த் தீர்த்தல். அதிகம் பிழை விடுவது நாலாவதில். மச்சாள் என்ன சொன்னா, அதற்கு மாமி என்ன சொன்னா, காணி வழக்கு எப்படித் தொடங்கியது என்று கதை நீளும். சொல்கிறவரின் பாவம் மட்டும் வெளியே வராது. ‘என் தங்கையோடு ஒரு வருடமாகப் பேசவில்லை, அவளைப் பற்றி மூன்று பேரிடம் பொய் சொன்னேன்’ என்றால் அது பாவசங்கீர்த்தனம். சாவான பாவமானால், அதாவது கனமான பாவமானால், அதன் வகையையும், நினைவிருக்கும் அளவில் எத்தனை தரம் என்பதையும் சொல்ல வேண்டும். மற்றவர்களின் பெயர் தேவையில்லை. ஞாபகம் நிற்காதவர்கள் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போகலாம். வந்ததும் கிழித்து எரித்துவிடுங்கள்.

நேர்த்தி பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அதைச் சுற்றித்தான் பயம் அதிகம்.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு நேர்த்தியைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறது. யோசித்து, சுய விருப்பத்தோடு, கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு அது. வாக்குக் கொடுக்கும் காரியம் செய்யக்கூடியதாகவும் நல்லதாகவும் இருக்க வேண்டும் (சட்ட எண் 1191). பயமுறுத்தியோ ஏமாற்றியோ வைக்கப்பண்ணிய நேர்த்தி செல்லாது. வைத்தவரை மட்டுமே அது கட்டும் (1193). இதைத் தாய்மார் கவனிக்க வேண்டும். ‘பிள்ளை சுகமானால் அவன் வெறுங்காலோடு மாதாவிடம் நடப்பான்’ என்று அம்மா நேர்ந்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு அதில் கடமை எதுவும் இல்லை. அவன் அன்பினால் நடந்தால் நல்லது. நடக்கவில்லை என்பதற்காக வீட்டில் வரும் காய்ச்சலையும் கடன் தொல்லையையும் மாதாவின் கோபம் என்று சொல்வது பிழை. மாதா கணக்குத் தீர்க்கிறவர் அல்ல.

நேர்ந்தவருக்கே முடியாமல் போனால்? முழங்கால் தேய்ந்துவிட்டது, சீனி வருத்தம் வந்துவிட்டது, வெளிநாட்டில் இருந்து வர முடியவில்லை. தகுந்த காரணம் இருந்தால் உங்கள் பங்குத் தந்தையே அந்தத் தனிப்பட்ட நேர்த்தியிலிருந்து விடுவிக்கலாம் (1196). நேர்ந்ததற்குச் சமமான, அல்லது அதைவிட மேலான ஒரு நற்செயலாக நீங்களே அதை மாற்றிக்கொள்ளவும் இடம் உண்டு (1197). பத்து மெழுகுதிரிக் காசை ஒரு நோயாளியின் மருந்துக்குக் கொடுப்பது அப்படியான மாற்றம். ஆனாலும் தனியே தீர்மானிப்பதைவிடப் பாதரிடம் கேட்டுச் செய்வது மனதுக்கு ஆறுதல். புதிதாக நேர்கிறவர்கள், ‘ஒவ்வொரு வருடமும், சாகும்வரை’ என்று வாயைத் திறந்துவிடாதீர்கள். ‘இந்தத் தவக்காலத்தில் ஒரு தரம்’ என்றால் போதும்.

இனி நடை. ஒக்டோபரிலிருந்து சனவரி வரை எங்களுக்கு மாரி. பெப்ரவரி நல்ல காலம். தவக்காலம் முற்ற முற்ற வெயில் ஏறும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் முற்பகலிலேயே தார் கொதிக்கும். காலைப் பூசை எத்தனை மணிக்கு என்று முதல் நாளே விசாரித்து, அதற்கு ஒன்றரை மணி நேரம் முந்தி, இருட்டோடு புறப்படுங்கள். வெள்ளை உடுப்பு, கூட்டத்தின் முன்னால் ஒரு டோர்ச், பின்னால் ஒரு டோர்ச். வாகனங்கள் இடப்பக்கம் ஓடும் நாடு இது. நடக்கிறவர்கள் வலக்கரையால், எதிரே வரும் வெளிச்சத்தைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். கடற்கரைப் பக்கமிருந்து வருபவர்கள் வீதியில் படுத்திருக்கும் மான்களையும் கவனிக்க வேண்டும். சீனி வருத்தக்காரர் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. பாதம் மரத்திருந்தால் கல் குத்துவதும் தோல் வெந்து கொப்பளிப்பதும் தெரியாது. தெரியவரும்போது புண் ஆழமாகியிருக்கும்.

செபமாலை ஐந்து பத்தும் சொல்ல 20 நிமிடம் வரை எடுக்கும். ஒரு மணி நேர நடையில் மூன்று ஐம்பத்துமூன்று மணிச் செபமாலையும் சொல்லிவிடலாம் என்று கணக்குப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு போதும். கடைசிப் பகுதியை மௌனமாக நடப்பது நல்லது. எதைக் கேட்கப் போகிறோம், எதற்கு நன்றி சொல்லப் போகிறோம் என்று மனம் தானாக ஒழுங்காகும். செபம் சொல்லிக் கொடுப்பவர் முன்னால் போனால் பின்னால் வருபவர்களுக்குக் கேட்காது. ‘அர்ச்சியசிஷ்ட மரியாயே’ இரண்டு அலையாக வந்து குழம்பும். அவரை நடுவில் விடுங்கள். 20 பேருக்கு மேல் என்றால் இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள். வேகத்தை ஆக வயதானவரின் கால் தீர்மானிக்கட்டும். வழியில் கோயிலிலோ பள்ளிவாசலிலோ வழிபாடு நடந்தால் குரலைத் தணித்துக் கடந்து போவது இந்த ஊரின் பழக்கம். அவர்களும் எங்கள் சுற்றுப்பிரகாரத்துக்கு வழிவிடுகிறவர்கள்தான். சைவ வீடுகளிலிருந்து மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்ற வருவோரும் உண்டு. அவர்களை வரவேற்று இடம் கொடுங்கள். நற்கருணையை (பூசையில் கொடுக்கும் அப்பத்தை) மட்டும் கத்தோலிக்கரே பெறலாம் என்பதை முன்கூட்டியே மெதுவாகச் சொல்லிவிட்டால் வரிசையில் சங்கடம் வராது.

மயங்கி விழுவது பெரும்பாலும் பட்டினியால். நற்கருணைக்கு முன் காக்க வேண்டிய உபவாசம் ஒரு மணி நேரம் மட்டுமே. அதுவும் பூசை தொடங்கும் நேரத்திலிருந்து அல்ல, நற்கருணை பெறும் நேரத்திலிருந்து. பூசை 6.30க்கு என்றால் ஏறக்குறைய ஏழுக்குப் பிறகுதான் நற்கருணை வாங்குவீர்கள். புறப்படுமுன் ஐந்து மணிக்கு இரண்டு இடியப்பமோ ஒரு வாழைப்பழமோ சாப்பிடத் தடையே இல்லை. தண்ணீரும் மருந்தும் எந்த நேரமும் குடிக்கலாம். முதியவர்கள், நோயாளிகள், அவர்களைப் பராமரிப்பவர்கள் ஆகியோருக்கு அந்த ஒரு மணி நேரக் கட்டும் இல்லை. ஒருசந்தி நோன்பு வேறு: விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும், 18 வயது நிரம்பியதிலிருந்து 59 வயது நிரம்பும் வரை, ஒரு முழுச் சாப்பாடு. அந்த இரண்டு நாட்களிலும் நீண்ட நடையை வைக்காமல் விடுவது நல்லது.

கோயிலுக்குள் போனதும் முதலில் மாதாவைத் தேடாதீர்கள். நற்கருணைப் பேழை எங்கே என்று பார்த்து முழங்காலிடுங்கள். பிறகு மாதாவிடம் போகலாம். தவக்காலமானால் 14 நிலைகளையும் சுற்றிச் சிலுவைப் பாதை செய்ய அரை மணி போதும். பரிபூரண பலனை (பாவத்துக்குரிய தண்டனை முழுதும் நீங்கும் பலனை) நாடுகிறவர்கள் நிலைக்கு நிலை நகர்ந்து செய்ய வேண்டும், பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை பெற்றிருக்க வேண்டும், பாப்பரசரின் கருத்துக்காகச் செபிக்க வேண்டும், எந்தப் பாவத்தின் மேலும் பற்று இருக்கக் கூடாது. ஆகக் கடினம் அந்தக் கடைசி.

மெழுகுதிரியை நெருக்கி நட்டால் ஒன்றின் சூட்டில் மற்றது இளகி, இடுப்பில் வளைந்து, பக்கத்துத் திரியின் மேல் சரியும். பிறகு தட்டு முழுவதும் ஒரே நெருப்பு. இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். அடியை உருக்கி ஒட்டுவதைவிட மணலில் ஒரு அங்குலம் ஆழமாகக் குத்தினால் காற்றுக்கு நிற்கும். சக்கிடுத்தார் (கோயில் பணியாளர்) அரைவாசி எரிந்ததைப் பிடுங்கி எடுத்தால் மனம் நோக வேண்டாம். கூட்டத்தில் இடம் வேண்டும். உங்கள் செபம் மெழுகின் நீளத்தில் இல்லை.

வருத்தக்காரரோடு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. பெர்னதெத்தே மூச்சுவருத்தக்காரி. அவர் தோண்டிய ஊற்றில் பலர் சுகமடைந்தார்கள்; அவரோ நோயோடே வாழ்ந்து 1879இல் 35 வயதில் இறந்தார். இந்த உலகத்தில் அல்ல, மறு உலகத்தில் உன்னை மகிழ்விப்பேன் என்பதே மாதா அவருக்குக் கொடுத்த வாக்கு. லூர்தில் புதுமை என்று திருச்சபை ஏற்றுக்கொண்ட சுகங்கள், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும், 70ஐ ஒட்டித்தான் வருகின்றன. அவ்வளவு கவனமாக ஆராய்கிறார்கள். ஆகவே ‘விசுவாசம் போதாது, அதுதான் சுகமில்லை’ என்று ஒரு நோயாளியிடம் யாரும் சொல்லக் கூடாது. மருந்தை நிறுத்திவிட்டு வரவும் கூடாது.

நோயில்பூசுதலை, அதாவது பாதர் நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிப்பதை, கேட்கப் பயப்படாதீர்கள். அவஸ்தைப்பூசுதல் என்ற பழைய பெயர் நினைவிருப்பதால், பாதர் எண்ணெயோடு வந்தால் ஆள் தப்பாது என்று இன்னும் நினைக்கிறார்கள். பெரிய சத்திரசிகிச்சைக்கு முன்பும், முதுமையில் தளர்ந்தாலும், அதே நோய் கடுமையானால் மறுபடியும் பெறலாம். நெற்றியிலும் இரு கைகளிலும் பூசுவார். பேச்சு இருக்கும்போதே பெற்றால் பாவசங்கீர்த்தனமும் செய்யலாம். உலக நோயாளர் தினம் பெப்ரவரி 11. 1992இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (ஜோன் போல்) ஏற்படுத்தியது. அந்நாளை ஒட்டிப் பங்கில் கேட்டால் ஒழுங்கு செய்து தருவார்கள்.

நடக்கவே முடியாமல் வீட்டில் கிடப்பவருக்காக நீங்கள் நடந்தால், திரும்பி வரும்போது பாதரிடம் பெயரும் வீதியும் சொல்லிவிட்டு வாருங்கள். நற்கருணையை அவரோ, பங்கில் அதற்கென நியமிக்கப்பட்டவரோ கொண்டுவருவார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (யேசு தொங்கும் சிலுவை), ஒரு மெழுகுதிரி, குடிக்க ஒரு கிளாஸ் தண்ணீர். தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள். விழுங்கக் கஷ்டம் என்றால் முதலிலேயே சொல்லுங்கள். அப்பத்தின் சின்னத் துண்டு ஒன்றைத் தண்ணீரோடு கொடுப்பார், அதுவும் முழு நற்கருணைதான்.